விமானிகள் காதில் விழுந்த பெண் குரல்

எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் விமானம் ஓட்டினேன் என்று நம்புகிறார்கள். மீதிப் பேர் பெட்டி தூக்கினேன் என்று நம்புகிறார்கள். தண்டையார்பேட்டையில் பிறந்து, திருவொற்றியூரில் வீடு கட்டி, பணிக்காலம் முழுக்க ரயிலும் பஸ்ஸும் மாறி ஊரின் வடகோடியிலிருந்து தென்கோடிக்குப் போய் வந்தவன் நான். "ஜமால் பாய், ஏர்போர்ட்ல இன்னா வேலை?" என்று யாராவது கேட்டால் "ரேடியோ" என்பேன். "அங்க பாட்டெல்லாம் போடுவாங்களா?" என்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "ஆமாம், போடுவோம்" என்று ஒப்புக்கொள்ள ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றபின் அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை.

போன வாரம் எங்கள் பிரிவில் இப்போது இருக்கும் ராஜ்குமார் போன் செய்தார். விமானங்கள் இன்று செயற்கைக்கோளை நம்பித்தான் வழி பார்க்கின்றன. சில இடங்களில் யாரோ பொய்யான சமிக்ஞை அனுப்பி, கடல்மேல் பறக்கும் விமானத்தைத் தரைமேல் இருப்பதாக நம்பவைக்கிறார்களாம். "அந்தக் காலத்துல நீங்கள்லாம் இதையெல்லாம் எப்படி சார் தேடிப் புடிச்சீங்க?" என்று கேட்டார். அந்தக் காலம் என்று அவர் சொன்னது ஒன்றும் வெள்ளைக்காரன் காலம் இல்லை. என் சர்வீஸின் கடைசிப் பகுதி. இருந்தாலும் கேட்டுவிட்டார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் துறை விசித்திரமானது. விமானங்களுக்கு விதி எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், நிலையங்களை நடத்துகிறவர்கள் ஒரு பக்கம். எந்தப் புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஓடுபாதையில் நாய் வந்தால் யார் துரத்த வேண்டும் என்பதற்கெல்லாம் ஆள் உண்டு. நான் சேர்ந்தது பேச்சைக் காக்கும் பிரிவில். வடக்கே ஓர் ஊரில் பயிற்சி. ரொட்டி தின்னவும், சூட்டுக்கோலால் ஈயம் வைக்கவும், அரைகுறை இந்தியில் சண்டை போடவும் கற்றுக்கொண்டு திரும்பினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

வேலை இதுதான்: மேலே இருக்கும் விமானியும் கீழே இருக்கும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ள ஓர் அலைவரிசை இருக்கிறது. அதில் வேறு சத்தம் நுழைந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அலைவரிசைகளுக்கென்றே தனியாக ஒரு துறை இருக்கிறது. புகார் முறைப்படி அங்கேதான் போகும். அவர்கள் வந்து சேர்வதற்குள் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும். ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

ஜீப்பில் முன்சீட்டு எங்கள் அதிகாரி வத்சலா மேடத்துக்கு. திருச்சிப் பக்கத்துக்காரர். பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. மாடி ஏறி ஏறித் தேட வேண்டிய வேலைக்குச் செருப்பு ஆகாது என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டு மொட்டைமாடிக்குப் போக வேண்டுமானால், கூட போலீஸ்காரர் வந்திருந்தாலும் அவரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுப் பெண்களிடம் தான் மட்டும் போய் அனுமதி கேட்பார். படிக்குக் கீழே ஷூவைக் கழற்றுவார், மேலே போனதும் மாட்டுவார். எனக்கு அது நேர விரயமாகப்பட்டது. ஆனால் எங்களுக்குக் கதவு திறக்காத வீடு ஒன்றுகூட இருந்ததில்லை.

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. நாம் என்ன சொன்னாலும், தலையை லேசாகச் சாய்த்து, "வேறென்ன இருக்கலாம்?" என்பார். இன்னொன்று சொன்னால் மறுபடியும், "வேறென்ன இருக்கலாம்?" பதில் தெரிந்துகொண்டு நம்மைச் சோதிக்கிற ஆசிரியர்களின் கேள்வி இல்லை அது. அவருக்கு நிஜமாகவே தெரியாது; தெரிந்தே ஆக வேண்டும் என்ற ஆசை தாங்காது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் குழாயில் தண்ணீர் வராவிட்டால் "மோட்டார் ரிப்பேர்" என்று என் மனைவி சொல்ல, நான் "வேறென்ன இருக்கலாம்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

ஒருமுறை 'கிர்ர்' என்ற இரைச்சல் சில நாள் வரும், சில நாள் வராது. மழையா, மின்வெட்டா, ஆலையில் ஏதாவதா என்று எல்லாம் பார்த்தாயிற்று. "வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாலை, அலுவலகச் சுவரிலிருந்த தினசரிக் காலண்டர் முன் நின்று சிரிக்க ஆரம்பித்தார். இரைச்சல் வந்ததெல்லாம் முகூர்த்த நாள். அடுத்த முகூர்த்தத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஓடி ஓடி எரியும் அலங்கார விளக்கின் பெட்டிதான் குற்றவாளி. பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து உட்காரவைத்துப் பரிமாறினார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் மறுக்கவில்லை.

இனி, ராஜ்குமாருக்குச் சொல்ல வேண்டிய கதை.

அது ஐப்பசி மாதம். வடகிழக்கிலிருந்து கடல்மேல் வரும் விமானங்கள் ஒரு புகார் சொல்ல ஆரம்பித்தன. நண்பகல் வாக்கில் அலைவரிசையில் ஓர் ஊளைச் சத்தம், அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல். வடநாட்டு விமானிகளுக்கு மொழி புரியவில்லை. ஒரு விமானத்தில் மட்டும் துணை விமானி நம்மூர்ப் பையன். அவர் கூச்சத்தோடு சொன்னார்: "சார், அந்தம்மா யாரையோ 'துன்னியா'ன்னு கேக்குறாங்க."

சாப்பிட்டாயா என்பதற்கு எங்கள் வடசென்னைப் பேச்சு அது. கன்ட்ரோல் அறையில் அன்று முழுக்கச் சிரிப்புதான். ஒருவரை ஒருவர் "துன்னியா?" என்றே விசாரித்துக்கொண்டார்கள். மறுநாள் சிரிப்பு நின்றுவிட்டது. மேகத்துக்குள் வந்துகொண்டிருந்த ஒரு விமானத்தை, முன்னால் ஒன்று இருப்பதால், இறங்காமல் அதே உயரத்தில் நிற்கச் சொன்னார் கன்ட்ரோலர். அந்த நேரத்தில் ஊளை எழுந்தது. விமானிக்குப் பாதி வாக்கியம்தான் கேட்டது. நல்லவேளையாக, புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டார். கேட்காமல் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு இறங்கியிருந்தால், நேராக முன்னால் இருந்த விமானத்தின்மேல்தான்.

பெண் குரல், துன்னியா, கடல் பக்கம். மீன்பிடிப் படகுகளின் ஒயர்லெஸ் செட்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். கரையோரக் காவலில் ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார். மோசமான மனிதர் இல்லை, மேலிடத்தின் நெருக்கடி. காசிமேட்டுத் துறைமுகத்தில் நிற்கிற லாஞ்சுகள் (விசைப்படகுகள்), வரப்போகிற லாஞ்சுகள், எல்லாவற்றின் செட்டையும் இந்த வார இறுதியில் பறிமுதல் செய்துவிடலாம் என்றார். புயல் மாதத்தில் செட் இல்லாமல் கடலுக்குப் போவது என்றால் என்ன என்று ராயபுரம் பக்கம் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

மேடம் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். "வார இறுதி வரைக்கும் டைம் குடுங்க. வேறென்ன இருக்கலாம்னு பாத்துடறேன்."

தேடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கையில் பழைய டி.வி. ஆன்டெனா போன்ற ஒரு சட்டம். அதை மெல்லச் சுற்றினால் ஒரு திசையில் சத்தம் பெரிதாகும், ஒரு திசையில் அடங்கும். புதிதாக வருகிறவர்கள் பெரிதாகும் திசையைத் தேடுவார்கள். அது அகலமான திசை, ஏமாற்றும். "கேக்குற இடத்தைத் தேடாதீங்க ஜமால், கேக்காம போற இடத்தைத் தேடுங்க" என்பார் மேடம். சத்தம் அப்படியே காணாமல் போகிற இடம் ஊசிமுனை மாதிரி இருக்கும். அதை வைத்து வரைபடத்தில் ஒரு கோடு. பிறகு வேறோர் இடத்துக்குப் போய் இன்னொரு கோடு. மூன்றாவதாக ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன முக்கோணம் ஆகும். திருடன் அதற்குள் இருப்பான்.

முதல் கோட்டை ராயபுரத்தில் ஒரு மாடியிலிருந்து எடுத்தோம். இரண்டாவதை மாத்தூரில். அங்கே கூட்டம் கூடிவிட்டது. "ரோடு போட வூட்ட இடிக்கப் போறாங்க" என்று ஒருவர் கிளப்பிவிட, ஒரு பெரியவர் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மேடம் அவரைத் தூக்கிவிட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டினார். ஊளையைக் கேட்டவர், "இன்னா கலீஜா கத்துது! ஏரோப்ளேன் ஓட்றவன் காதுல இதுவா வுழுது?" என்று அதிர்ந்துபோய், எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார். மூன்றாவது கோடு மணலியில். மூன்றையும் இன்ஸ்பெக்டர் முன்னால் வரைந்தபோது முக்கோணம் சரியாக மீன்பிடித் துறைமுகத்தின்மேல் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்தேவிட்டார். "அவ்ளோதானே மேடம்? நான்தான் சொன்னேனே."

"முக்கோணம் பெருசா இருக்கு" என்றார் மேடம். "ரொம்பப் பெருசு. ஒரு கோடு பொய் சொல்லுது."

எது என்று யோசித்துக்கொண்டு மணலிக்குத் திரும்பவும் போனோம். கோடு எடுத்த இடத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் வரிசையாக இரும்பு எண்ணெய்த் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு தியேட்டர் அளவு. "மேடம், சத்தம் வேற பக்கத்துலேர்ந்து வந்து, இதுல பட்டுத் திரும்புதோ?" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. தொட்டிகளை விட்டு விலகி, திறந்த வெளியில் போய்க் கோட்டை எடுத்தோம். முக்கோணம் சுருங்கி வடக்கே நகர்ந்தது. துறைமுகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கல் கொட்டிய கடற்கரையை ஒட்டிய ஒரு குப்பம். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடலில் புயல் சின்னம் என்று காலையிலேயே செய்தி. வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. நாங்கள் குப்பத்துக்குள் நுழையவும் ஊளை கிளம்பவும் சரியாக இருந்தது. ஒரு மாடிவீட்டின் மேல் உயரமான இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஆன்டெனா, நடுவில் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி. மேடம் ஷூவைக் கழற்றிப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, அனுமதி கேட்டு, மேலே ஏறினார். பின்னால், ஆன்டெனாவும் கருவிப் பெட்டியுமாக நான்.

மாடியில் பெண்கள் கூட்டம். நடுவில் ஒரு ஒயர்லெஸ் செட். அதன் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தேசம்மா, அந்த வீட்டுக்காரி. கணவர் ஏகாம்பரம் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் ஒரு லாஞ்சின் டிரைவர். மைக்கில் தேசம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"துன்னியா? ஏய், இன்னா, காதுல வுழுதா? துன்னியா?"

விமானிகள் கேட்ட அதே குரல்.

மேடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். தேசம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏரோப்ளேனா? நாங்க எங்க ஆம்பிளைங்களாண்ட பேசிகினு கீறோம்மா. அவ்ளோதான். ஏரோப்ளேன்காரன் எதுக்கு அத்த ஒட்டுக் கேக்குறான்?"

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் பல நாள் கடலில் தங்குகிறார்கள். நண்பகலில் பெண்கள் இந்த மாடிக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு கேள்விதான்; அடுத்தவளுக்கும் மைக் வேண்டுமே. என்ன மீன், எங்கே என்று கேட்கக் கூடாது. மற்ற லாஞ்சுகள் கேட்டுக்கொண்டிருக்கும். எப்போது வருவாய் என்று கேட்கவே கூடாது. கேட்டால் கடல் பதில் சொல்லிவிடும் என்று ஒரு பயம். எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது "துன்னியா?" ஒன்றுதான். "துன்னேன்" என்று குரல் வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று கீழே இறங்கிப் போய் அடுப்பை மூட்டுவார்கள்.

தூரத்துக் குரல் கேட்பதற்காகத்தான் கம்பத்தில் அந்தப் பெட்டி. சமிக்ஞையைப் பெரிதாக்கிக் கொடுக்கும் பூஸ்டர். நண்பகலில் மட்டும் அதற்கு மின்சாரம் கொடுப்பார்கள். ஊளையும் நண்பகலில் மட்டும் வந்த காரணம் அதுதான்.

"அம்மா, அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணணும்" என்றார் மேடம்.

தேசம்மா மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். "மாட்டேன். புயலு வருதுன்னு எல்லா போட்டும் திரும்பிகினு கீது. எங்க வூட்டுக்காரர் போட்டு மட்டும் நேத்துலேர்ந்து பதில் இல்ல. இத்த அமத்திட்டா நான் எதுல கேப்பேன்?"

மேடத்தின் நிலைமை எனக்குப் புரிந்தது. வடகிழக்கிலிருந்து ஒரு விமானம் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. அன்றைய வானத்தில், பாதி வாக்கியம் கேட்கிற அலைவரிசையோடு அதை இறங்கவிட முடியாது. விதிப்படி, கண்ட இடத்தில் கருவியை அணைத்து எடுத்துப் போக வேண்டும். அந்த மாடியில் நின்றுகொண்டு அதை எப்படிச் செய்வது?

மேடம் கன்ட்ரோலுக்குப் போன் போட்டார். விமானம் வர இன்னும் சற்று நேரம் இருக்கிறது என்றார்கள். "தேசம்மா, நான் எடுத்துட்டுப் போக வரல. இந்தப் பொட்டிதானான்னு எனக்குத் தெரியணும். ஒரு நிமிஷம் அணைச்சு, ஒரு நிமிஷம் போடுவோம். மூணு தடவை. அப்புறம் உங்க கையில குடுத்துடறேன். இவர் அதுக்குள்ள என்ன கோளாறுன்னு பாப்பார்." ஒருமுறை அணைத்து ஊளை நின்றால் அது தற்செயலாக இருக்கலாம், மூன்று முறை செய்யாமல் அவர் எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லவே மாட்டார். அன்றைக்கும் அதில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. மூன்று முறையும் கன்ட்ரோலிலிருந்து அதே பதில்: அணைத்தால் சுத்தம், போட்டால் ஊளை.

நான் கம்பத்தில் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். பூஸ்டருக்குக் கொஞ்சம் கீழே ஒரு முண்டு. மேல்சுற்றைப் பிரித்தேன். பார்த்துவிட்டு, சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் ரசித்தேன்.

காற்றில் கேபிள் அறுந்திருக்கிறது. வேறு யாராவது என்றால் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். இங்கே, அறுந்த கயிற்றை இணைப்பதுபோல், இரண்டு முனைகளின் செப்பு இழைகளையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக முழ நீளத்துக்குப் பின்னியிருந்தார்கள். யானை இழுத்தாலும் அறாது. ஆனால் அந்தக் கேபிளில் வெளிச்சுற்று இழைதான் உள்கம்பிக்குச் சுவர். சுவரைப் பிரித்துப் பின்னியதால் முழ நீளத்துக்குச் சுவரே இல்லை. பூஸ்டரின் வாயிலிருந்து வந்தது அதன் காதுக்கே திரும்பப் போயிற்று. கல்யாண வீட்டில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ' என்று கத்துமே, அதே கதைதான். அந்தக் கத்தல் வானம் வரை போயிருக்கிறது. இங்கே மைக்கில் பேசும் பேச்சும் அதோடு கலந்து போயிருக்கிறது.

"இதை யார் இணைச்சது?"

"நான்தான் பின்னேன்" என்றார் தேசம்மா. பதற்றத்திலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "ஏன், அறுந்துகிச்சா?"

"அறாதும்மா. அறவே அறாது. அதான் பேஜாரு. இதை நான் வெட்டணும்."

வலையை வெட்டக் கத்தி எடுத்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு, "வெட்டு பாய். சீக்கிரம் வெட்டு" என்றார்.

பின்னலை வெட்டி எறிந்தேன். என் கருவிப் பெட்டியிலிருந்த முறையான இணைப்பான்களை இரண்டு முனையிலும் போட்டு முடுக்கினேன். பக்கத்தில் மேடம் போனைக் காதில் வைத்தபடி விமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்தவில்லை; சொன்னார், அவ்வளவுதான்.

"போடுங்க" என்றேன்.

தேசம்மா சுவிட்சைப் போட்டார். கன்ட்ரோல் சொன்னது: சுத்தம். மேடம் மறுபடியும் அணைக்கச் சொல்லி, போடச் சொல்லி, மூன்று முறை. சுத்தம், சுத்தம், சுத்தம்.

இன்னொன்று நடந்தது. அதுவரை அந்தச் செட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த 'ஸ்ஸ்' இரைச்சல் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: விமானியின் காதை அடைத்த ஊளை, இவர்கள் செட்டின் காதையும் அடைத்திருந்தது. கிட்டே இருந்த லாஞ்சுகளின் குரல் கேட்டது, எட்ட இருந்ததன் குரல் கேட்கவில்லை.

அந்த அமைதியில் ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். "...தேசம்மா... தேசம்மா... கேக்குதா..."

மாடியில் ஓர் ஓலம் எழுந்து அடங்கியது. தேசம்மா மைக்கை அழுத்தினார். அத்தனை பயத்திலும் வாயில் வந்தது பழக்கத்தின் கேள்விதான். "துன்னியா?"

"துன்றது கெடக்கட்டும். எஞ்சின்ல தண்ணி பூந்து பூட்ச்சி. பேட்டரி முங்கிச்சி. கைசெட்டுல பேசிகினு கீறேன். நேத்துலேர்ந்து கத்திகினே கீறேன், ஒர்த்தரும் பதில் சொல்லல. எந்த இடம்னு தெரில. காத்து எங்கியோ தள்ளிகினு போவுது."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஆன்டெனாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே யோசனை. ஒரு திருடனைப் பிடிக்கும் முறையில் ஒரு படகைப் பிடிக்க முடியாதா? எங்கள் ரிசீவர் எந்த அலைவரிசையையும் கேட்கும்; ஜீப்பில் ஆன்டெனாவோடு இன்னொன்றும் இருந்தது. நான் இங்கிருந்து ஒரு கோடு. துறைமுகத்திலிருந்து இன்னொரு கோடு. கடல்மேல் இரண்டும் வெட்டுகிற இடம்தான் ஏகாம்பரம்.

"நான் போறேன்" என்று மேடம் ஷூவைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினார். தேசம்மாவிடம் போகிறபோக்கில் சொன்னது: "நான் அங்க சேந்ததும் போன் பண்றேன். அதுவரைக்கும் பேட்டரிய மிச்சம் பிடிக்கச் சொல்லுங்க. அப்புறம் அவரை நிறுத்தாம பேச வைங்க."

நான் என் கோட்டை உடனே எடுத்துவிட்டேன். ஒரு மனிதனின் குரலைத் தேடி, அது மறைகிற இடத்தில் ஆன்டெனாவை நிறுத்துவது கொடுமையான வேலை. அத்தனை வருடம் செய்த வேலைதான், அன்றைக்கு மட்டும் என் காதிலிருந்து அந்தக் குரலை அனுப்ப மனம் வரவில்லை.

மேடம் துறைமுகத்தின் கல்சுவர் முனையில் ஜீப்பை நிறுத்திப் போன் செய்தார். அங்கே பூஸ்டர் இல்லை. குரல் நூல் மாதிரிதான் கேட்கிறது, நீளமாகப் பேசினால்தான் முடியும் என்றார். பின்னால் அந்த இன்ஸ்பெக்டரின் குரலும் கேட்டது. கூட்டத்தை விலக்கி, எல்லா என்ஜின்களையும் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே கேள்வி கேட்டுப் பழகிய தேசம்மா இப்போது கேள்விகளைக் கொட்ட ஆரம்பித்தார். உன் கூட இருக்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்களா? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? கப்பல் ஏதாவது தெரிகிறதா? மழை பெய்கிறதா? ஏகாம்பரம் சிக்கனக்காரர். "ஆங்." "கீது." "இல்ல." ஒரு சொல்லோடு விரலை எடுத்துவிடுவார்.

"கிட்டத்துல வந்துட்டேன் ஜமால், இன்னும் ஒரு தடவை, நீளமா" என்றார் மேடம் போனில். குரலில் முதல்முறையாக ஒரு கெஞ்சல்.

தேசம்மாவிடம் கேள்வி தீர்ந்துவிட்டது. மைக்கைப் பிடித்தபடி கடலைப் பார்த்தார். சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

"எப்ப வருவே?"

பக்கத்தில் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். செட்டில் பதில் வரவில்லை. ஆனால் அவர் விரல் பட்டனை அழுத்தியே இருந்தது; அது அழுத்தியிருக்கும்வரை பேசாவிட்டாலும் அலை வந்துகொண்டே இருக்கும், கோடு எடுக்க அது போதும். காற்றும் கடலும் கேட்டன, ஏகாம்பரத்தின் மூச்சு கேட்டது. அந்தக் கேள்வியை அத்தனை வருடத்தில் தேசம்மா கேட்டதே இல்லை. பதில் தெரியாமல், விரலை எடுக்கவும் மறந்து, ஏகாம்பரம் அப்படியே இருந்தார்.

போனில் மேடம் கத்தினார். "கிடைச்சுது!"

இரண்டு கோடுகளையும் கரையோரக் காவலுக்கும், திரும்பிக்கொண்டிருந்த லாஞ்சுகளுக்கும் சொன்னார்கள். அவற்றில் பக்கத்தில் இருந்த ஒன்று திசை மாறிப் போயிற்று. கோடுகள் வெட்டிய இடத்திலிருந்து சற்றுத் தெற்கே, காற்று தள்ளிய பக்கத்தில், ஏகாம்பரத்தின் லாஞ்சு கிடந்தது. கயிறு போட்டு இழுத்து வந்தார்கள்.

செட் பறிமுதல் என்ற பேச்சை இன்ஸ்பெக்டர் அதன்பிறகு எடுக்கவில்லை. அந்தக் கம்பத்துக்கு முறையான உரிமமும் நல்ல பூஸ்டரும் கிடைக்க மேடம் பல மாதம் பல படி ஏறி இறங்கினார். ராஜ்குமார், பொய் சமிக்ஞையைத் தேடிப் போகும்போது இதைத்தான் நினைவில் வையுங்கள். அந்த முனையில் எப்போதும் ஒரு திருடன்தான் இருப்பான் என்று போகாதீர்கள். வேறென்ன இருக்கலாம் என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை லாஞ்சு கரை சேர்ந்தபோது நானும் மேடமும் துறைமுகத்தில் நின்றோம். நல்ல மழை. தேசம்மா கூட்டத்துக்கு முன்னால் நின்றார். ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டியபடி இறங்கி, நேராக அவர் எதிரில் வந்து நின்றார்.

"கேட்டியே, எப்ப வருவேன்னு" என்றார். "வந்துட்டேன்."